‘பட்’டுக்குப் பின்னால் ஒரு பிரம்புக் கதிரை

போன கிழமை ரமணி தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை பார்த்த பங்களாவில் இப்போது வரவேற்பு மேசையில் இருக்கிற பிள்ளை. குரலில் ஒரே பதற்றம்.

“அங்கிள், ஒரு இங்கிலீஷ்கார அம்மா நம்மளப் பத்தி ஃபோன்ல எழுதியிருக்காங்க. எடம் அழகு, ஆளுங்க தங்கம், சாப்பாடு அருமைன்னு எழுதிட்டு மூணு நட்சத்திரந்தான் போட்டிருக்காங்க. கை தவறி அமத்திட்டாங்களோ?”

“முழுசா வாசிச்சியாம்மா?”

“மேல உள்ளத வாசிச்சேன். அதுக்குக் கீழ ‘பட்’டுன்னு போட்டு இன்னும் என்னமோ எழுதியிருக்கு.”

“அந்த என்னமோதான் கடுதாசி. மேல உள்ளது வெறும் உறை.”

அவள் சிரித்துவிட்டு, இதையெல்லாம் எழுதி வைத்தால் என்ன என்று கேட்டாள். என் மனைவி பிலோமினா அடுப்படியில் இருந்தபடியே, “எழுதட்டும், அந்த நேரமாவது வாய் சும்மா இருக்கும்” என்றாள். வீட்டில் எனக்கு இருக்கும் மரியாதை இவ்வளவுதான். ஆகவே எழுதுகிறேன். ஆங்கிலம் பேசுகிறவர்களின் மனதைப் படிப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும்.

நான் பிறந்தது வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடொன்றில். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் ஓரளவு வந்தது. அந்த ஓரளவை நம்பி ஹட்டனுக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவில் குசினி வேலைக்குச் சேர்ந்தேன். துரைமார் போய், உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக அது மாறியிருந்த காலம். தட்டுக் கழுவி, மேசை துடைத்து, பரிமாறி, கடைசியில் விருந்தினரைக் கவனிக்கும் பொறுப்பாளனாக ஓய்வு பெற்றேன். லயத்தில் என் பெயர் ‘இங்கிலீஷ் அந்தோனி’. மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளை வாசிக்கக்கூட என்னிடம்தான் வருவார்கள். புரியாத இடம் வந்தால் இன்னும் சத்தமாக வாசிப்பேன். ஒருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பங்களாவுக்குப் போன பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் பேசிய சொற்களெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். பேசிய முறைதான் பிடிபடவில்லை. தன்னைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் ஒன்றைச் சொன்னால், அதை அப்படியே தனியாக விடமாட்டார். உடனே அதற்கு எதிரான இன்னொன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துவார். ‘எனக்கு இந்த மலை பிடிக்கும், பட் என் முழங்காலுக்குப் பிடிக்காது.’ ‘நான் தேநீர் குடிப்பேன், பட் என் கணவர் காப்பி குடிக்காமல் வாயைத் திறக்கமாட்டார்.’ அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். ‘ஆனால்’ என்று அர்த்தமாகும் அந்தப் ‘பட்’டை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். என்னை ஆட்டி வைத்தது அதுதான்.

முதல் அடி புடிங்கில் விழுந்தது. ஒரு பெரியவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “மிகவும் அருமை, பட் இன்னொரு கரண்டி என்னால் முடியாது” என்றார். எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. நம் வீடுகளில் விருந்தாளி என்ன சொல்வார்? வேணாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன், வயிறு நெறஞ்சிருக்கு என்பார். அதை அப்படியே நம்பிச் சட்டியை உள்ளே எடுத்துப் போகிறவன் மனிதனா? வேண்டாம் என்பது மரியாதை, வேண்டும் என்பது உண்மை. அதனால் நான் இன்னொரு கரண்டி வைத்தேன். அவர் “நீங்கள் மிகவும் அன்பானவர், பட் வேண்டாம்” என்றார். இரண்டாவது முறையும் மறுக்கிறார், எவ்வளவு நல்ல குடும்பத்துப் பிள்ளையோ என்று எண்ணி மூன்றாவதையும் வைத்தேன். அவர் அதைச் சாப்பிட்டார். அடுத்த நாள் காலை அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

அவர்களிடம் எல்லாம் தலைகீழ் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிடிக்கும் என்பதுதான் அவர்களுக்கு மரியாதை. முடியாது என்பதுதான் உண்மை.

அதைவிடப் பெரிய மூக்குடைப்பும் நடந்தது. ஒரு தம்பதி புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் எவ்வளவு சந்தோஷமாக இருக்கும், பட் எங்கள் வீடு மிகவும் சின்னது” என்றார்கள். நாம் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடும்போது சொல்கிற அதே பேச்சு. எங்க வீடு சின்னதுதாங்க, கட்டாயம் வந்துட்டுப் போகணும் என்போம் அல்லவா? நான் பாஸ்போர்ட் எடுக்கக் கொழும்புக்குப் போய் வந்தேன். லயம் முழுக்கச் செய்தி பரவியது. பிலோமினாவின் அண்ணன் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தந்தார். எந்த மாதம் வரலாம் என்று கேட்டு நான் எழுதியதற்குப் பதிலாக ஓர் அழகான நத்தார் வாழ்த்து, கிறிஸ்மஸ் கார்டு, மட்டும் வந்தது. கம்பளிச் சட்டை நுவரெலியா குளிருக்கு உதவியது. மச்சான் இன்றுவரைக்கும் ‘லண்டன் எப்படி?’ என்றுதான் என்னிடம் நலம் விசாரிக்கிறார்.

என்னைத் திருத்தியவர் எங்கள் மேலாளர் ஃபாரூக் சேர். ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த குடும்பம். மெலிந்த ஆள், மெல்லிய குரல். அவர் ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். விருந்தினர் காலைச் சாப்பாடு முடிந்ததும் குசினியின் பின்படியில் பால் சேர்க்காத பிளேன்டியோடு உட்காருவார். வாயில் ஒரு துண்டு சர்க்கரை. நாங்கள் வரிசையாக நின்று, விருந்தினர் சொன்னதைச் சொன்ன மாதிரியே ஒப்பிக்க வேண்டும். எந்த அறை என்பது போதும், பெயர் வேண்டியதில்லை. நாம் என்ன பதில் சொன்னோம் என்பதை அவர் கேட்கவே மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அறை அழகு, காற்று சுத்தம், தோட்டம் சொர்க்கம் என்று நாங்கள் சொல்லும்வரை தூங்குகிறார் என்றே தோன்றும். ‘பட்’ என்ற சொல் வந்ததும் கண் திறக்கும்.

“அந்தோனி, அந்தச் சொல்லுக்கு முன்னால உள்ளதெல்லாம் சலாம் போடுறது. பின்னால உள்ளதுதான் வந்த விசயம். அதப் புடிச்சுக்க.”

வந்த விஷயத்தைப் பகலுக்குள் சரிசெய்துவிட வேண்டும். செய்ததை விருந்தாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் முறையிட்டதாக ஆகிவிடுமாம். அவர் எங்கே முறையிட்டார்? சந்தோஷமாக இருப்பதாகத்தானே சொன்னார்? தலையணை மாறியிருக்கும், கதவின் கிறீச்சென்ற சத்தம் நின்றிருக்கும், அவ்வளவுதான். ஃபாரூக் சேரின் பங்களாவில் எல்லாம் தானாகவே நடப்பதாக வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள்.

எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அதன்பிறகு எந்த வெள்ளைக்காரர் வாய் திறந்தாலும் முதல் பாதியைக் காதிலேயே வாங்கமாட்டேன். ஒரு முறை கணவனும் மனைவியும், “அறை மிக அழகு, பட் தவளைகள் எங்களைத் தூங்கவே விடவில்லை” என்றார்கள். அன்று பகலே தோட்டக்காரனைக் கூட்டிக்கொண்டு அல்லித் தொட்டியை இறைத்து, தவளைகளைச் சாக்கில் பிடித்துக் கீழே ஓடையில் விட்டுவந்தேன். மாலையில் அந்த இருவரும் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு காய்ந்த தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தவளைச் சத்தம் கேட்கத்தான் தங்கள் நாட்டிலிருந்து புறப்பட்டு வந்தவர்களாம். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். தவளை விஷயம் ஒரு விதிவிலக்கு என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பிறகு மிஸிஸ் பார்லோ வந்தார்.

வயதானவர், கைத்தடியோடு தனியாக வந்திருந்தார். பங்களாவின் முன் விறாந்தையில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இரண்டு பிரம்புக் கதிரைகள் கிடக்கும். வானம் தெளிந்திருந்தால் மஸ்கெலியாப் பக்கத்து நீர்த்தேக்கம் தூரத்தில் மினுங்கும். மாலைத் தேநீருக்கு அவர் இடப்பக்கக் கதிரையில் வந்து உட்காருவார். மற்றது சும்மா கிடக்கும். ஒரு மாலை கோப்பையை வைத்துவிட்டு, எல்லாம் சௌகரியமா என்று கேட்டேன்.

“இங்கே நான் மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன், ஆன்டனி. பட் அந்த மற்றக் கதிரையையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.”

நான் அந்தக் கதிரையைப் பார்த்தேன். கைப்பிடியில் பிரம்பு பிரிந்திருந்தது. ஒரு கால் லேசாக ஆடியது. அடடா, எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் என்று வியந்து போனேன். மறுநாள் காலை பின்படியில் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஃபாரூக் சேர் கண்ணைத் திறந்து, “அத எடுத்துரு” என்றார். எடுத்துவிட்டு அந்த இடத்தில் அந்தூரியம் பூத்த சாடி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

பங்களாவில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான் அன்று பொழுது சாய்வதற்குள் லயத்துக்குப் போய்விடும். சமையல்காரி லூர்து அக்கா பின்கதவில் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணே, அந்தக் கதிர சும்மாதானே கெடக்கு? எங்க வீட்டுக்காரருக்கு எடுத்துக்கிறட்டா?”

அவர் வீட்டுக்காரர் ராயப்பன் அண்ணன் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு பள்ளத்தில் விழுந்து இடுப்பு முறிந்தவர். அதற்குப் பிறகு தரையிலோ பலகையிலோ குந்த முடியாது. கைப்பிடி உள்ள கதிரை இருந்தால்தான் ஊன்றி உட்காரலாம். லய வீட்டில் அப்படி ஒரு கதிரைக்கு எங்கே போவது? உள் காம்பராவில் படுத்தபடியே கிடந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தோட்டக்காரன் தலையில் வைத்துக்கொண்டு போனான். ஒரே காரியத்தில் இரண்டு நன்மை செய்தவன் போல அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

மாலையில் மிஸிஸ் பார்லோ விறாந்தைக்கு வந்தார். சாடியைப் பார்த்தார். உட்காரவில்லை.

“ஆன்டனி, அந்தக் கதிரை எங்கே?”

விருந்தாளியிடம் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. ஆனால் அவரே கேட்டுவிட்டாரே. “எடுத்துவிட்டோம் மேடம், ஒரு சிரமமும் இல்லை” என்றேன்.

அவர் கோப்பையை மெதுவாகக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். “அது பீட்டர் உட்கார்ந்த கதிரை” என்றார்.

பல வருடங்களுக்கு முன்னால் கணவரோடு இதே பங்களாவுக்கு வந்திருக்கிறார். அப்போது நான் குசினியில் தட்டுக் கழுவிக்கொண்டு இருந்திருப்பேன். மாலை மாலையாக இருவரும் அந்த இரண்டு கதிரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு, அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அதைத்தான் நான் தூக்கி லயத்துக்கு அனுப்பிவிட்டு, பூச்சாடி வைத்து அழகு பார்த்திருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், அது எனக்குத் தெரியும். பட் எனக்கு அது வேண்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். அன்று இரவுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. வெட்கத்தைவிட, அந்த மனுஷியை நினைத்துத்தான் எனக்கு வேதனையாக இருந்தது.

ஃபாரூக் சேர் பிளேன்டியைச் சாசரில் ஊற்றி, ஆற்றி, முழுவதையும் குடித்து முடிக்கும்வரை என்னை நிறுத்தி வைத்திருந்தார்.

“பாடம் நான் சொல்லிக் குடுத்ததுதான் அந்தோனி. ஆனா மூளையக் கழட்டி வச்சிட்டுக் கேளுன்னு நான் சொல்லலையே. போய்க் கொண்டு வா.”

லூர்து அக்காவிடம் சொன்னேன். அவர் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. “எடுத்துக்கிருங்கண்ணே, பங்களாச் சாமான்தானே” என்றார். அன்றைக்கு அவர் அவித்த முட்டையெல்லாம் கல்லாகிப் போயின.

நான் புறப்படுவதைப் பார்த்து மிஸிஸ் பார்லோவும் வருவேன் என்றார். பாதை செங்குத்து, வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. தேயிலை மலை நடுவே படி படியாக இறங்கினோம். லயத்துக்கு வந்ததும் நானே ஒரு கணம் நின்றுவிட்டேன். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில், வெயில் விழுகிற இடமாகப் பார்த்துக் கதிரையைப் போட்டு ராயப்பன் அண்ணன் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து, பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கதிரையின் ஆடுகிற காலுக்கு அடியில் ஒரு தகரத் துண்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று அவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வெளி வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

“சலாங்க தொரசானி” என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். செத்துப்போன அந்தத் துரை உட்கார்ந்த கதிரை என்பதையும் சொன்னேன்.

“அப்படியாண்ணே? அப்ப எடுத்துட்டுப் போங்க. நமக்கு எதுக்குங்க கதிர? நான் உள்ளுக்குப் படுத்துக்கிருவேன்.”

நம்மவர் வேறு எதைச் சொல்வார்? கூரையைக் கேட்டிருந்தாலும் கழற்றிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்கிறவன் ‘அட, இருக்கட்டும்’ என்று பதிலுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் கேட்க வந்தவர் நம்மவர் இல்லை. ராயப்பன் அண்ணன் சொன்னதை நான் அப்படியே மொழிபெயர்த்தால், ஓகோ, இவருக்கு வேண்டாமாம் என்று அந்த அம்மா நம்பிவிடுவார். ராயப்பன் அண்ணனின் இரண்டு கையும் பிரிந்த பிரம்போடு சேர்த்துக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தன.

“என்ன சொல்கிறார்?” என்றார் மிஸிஸ் பார்லோ.

ஃபாரூக் சேரின் விதி எனக்கு உதவவில்லை. இவர் பேச்சில் கண் திறப்பதற்கு ஒரு ‘பட்’டே இல்லையே. நானாக ஒன்றைப் போட்டேன்.

“எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் மேடம். பட் கையை எடுக்கவில்லை.”

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தடியை இரண்டு கையாலும் ஊன்றிக்கொண்டு சொன்னார்: “எனக்கு அது வேண்டும், ஆன்டனி. பட் இவரிடமிருந்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.”

பழக்கதோஷத்தில் எந்தப் பாதியைத் தள்ளுவது என்று தேடினேன். முன்னால் உள்ளது சலாம் இல்லை. பின்னால் உள்ளதும் வெறும் சாக்கு இல்லை. இரண்டும் அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றாகத் தெரிந்தன. இவ்வளவு காலமும் எத்தனை பேரைப் பாதி பாதியாகக் கேட்டிருக்கிறேனோ! இரண்டு பாதியையும் அப்படியே ராயப்பன் அண்ணனிடம் சொன்னேன்.

அவர் ஒரு கையை எடுத்துத் தன் பக்கத்து இடத்தைக் காட்டினார்.

“அப்ப அவங்கள இங்கனயே வந்து ஒக்காரச் சொல்லுங்களேண்ணே. கதிரையும் இருக்கும், அவங்களும் பாத்துக்கிட்டு இருக்கலாம்.”

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முக்காலி வந்தது. மிஸிஸ் பார்லோ அதை வாங்கிக் கதிரைக்கு இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்தும் அதே பள்ளத்தாக்குத் தெரிந்தது, கொஞ்சம் தாழ்வாக.

அதற்குப் பிறகு அவர் பங்களா விறாந்தைக்குத் தேநீர் கேட்கவில்லை. மாலையானதும் தடியை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்குவார். மழைக்குக் குடை பிடிக்கவும் மொழிபெயர்க்கவும் நானும் கூடவே போவேன். அவர் பீட்டரைப் பற்றிச் சொல்வார். ராயப்பன் அண்ணன் தன் இடுப்பைப் பற்றிச் சொல்வார். நான் இரண்டுக்கும் நடுவில் நின்று, தேவையில்லை என்று பட்டதை வெட்டி, மரியாதை குறைகிற இடத்தில் கொஞ்சம் கூட்டி, வேர்க்க விறுவிறுக்க வேலை செய்துகொண்டிருந்தேன். நான் இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன என்ற எண்ணமும் இருந்தது.

ஒரு மாலை ராயப்பன் அண்ணன் தான் பள்ளத்தில் விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கையை உயர்த்தி, சாக்கு உருண்ட விதத்தைக் காட்டினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மிஸிஸ் பார்லோ சிரித்தார். சரியான இடத்தில்தான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்த வேண்டிய இடத்தில் தானாகவே நிறுத்தி, கதிரையின் கைப்பிடி மேல் தன் கையை வைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்க்கத் தொடங்கினேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் மிகவும் அன்பானவர், ஆன்டனி. பட் நாங்கள் பார்த்துக்கொள்வோம்.”

“என்னண்ணே சொல்றாங்க?” என்றார் ராயப்பன் அண்ணன்.

“என்னையப் போகச் சொல்றாங்க.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “நானும் அதத்தாண்ணே சொல்லணும்னு இருந்தேன். கூச்சமா இருந்திச்சி.”

இரண்டு மொழிக்காரர்களும் சொல்ல வந்த விஷயம் எனக்கு முழுசாகப் புரிந்தது அன்றைக்குத்தான். குடையை அவர்களிடம் கொடுத்துவிட்டு, நனைந்துகொண்டே படியேறினேன்.